பாக்கெட்டில் ஐந்து தோட்டா: ஸ்மித் அண்ட் வெஸன் 442, 642 ரிவால்வர் மதிப்பீடு

கையில் வாங்கியதும் முதலில் உறைப்பது எடையின்மை. தோட்டா போடாத 442 சுமார் 410 கிராம்தான். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் குறைவு. மொத்த நீளம் 16 செ.மீ., அதில் குழல் வெறும் 1.875 அங்குலம். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியல் உடம்புக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் பின்புறம் கூழாங்கல்போல வழவழவென்று வளைந்து இறங்கும். இந்த வடிவத்தைப் பார்த்துவிட்டு, "சின்னதாக இருக்கிறது, முதல் துப்பாக்கிக்கு இது போதும்" என்று வாங்குபவர்கள் ஏராளம். அமெரிக்கக் கடைகளில் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். அந்தப் பரிந்துரை தவறு. சுமப்பதற்கு இது மிக எளிது, சுடுவதற்கு மிகக் கடினம். பல வருடம் பழகியவர்கள் இதைத் தேடி வருவதற்கும், புதிதாக வாங்கியவர்கள் ஒரே ஒரு பெட்டித் தோட்டாவோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதற்கும் காரணம் அதுதான்.

442-க்கும் 642-க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் நிறம்தான். 442 கறுப்பு, 642 வெள்ளி. இரண்டுக்கும் அலுமினியக் கலவை உடம்பு, இரண்டும்.38 ஸ்பெஷல் ஐந்து தோட்டா பிடிக்கும். இரண்டும் பிளஸ் பி எனப்படும் கூடுதல் அழுத்தத் தோட்டாவைத் தாங்கும். நிறம் அழகுக்கு மட்டும்தானே என்று விட்டுவிடாதீர்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு ஜே ஃப்ரேம் என்று பெயர். 1950-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் முதல் ஜே ஃப்ரேம் காட்டப்பட்டது. அங்கேயே அதற்கு சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற பெயரும் கிடைத்தது. அதற்கு முன்பு சப்பை மூக்கு ரிவால்வர், அதாவது குட்டைக் குழல் ரிவால்வர் என்றால் 1927-இல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல்தான். அது ஆறு தோட்டா பிடிக்கும், கொஞ்சம் தடிமன். ஸ்மித் அண்ட் வெஸன் ஒரு தோட்டாவை விட்டுக்கொடுத்து, தோட்டா அமரும் அறைகள் கொண்ட உருளையை மெலிதாக்கியது. 1952-இல், நிறுவனத்தின் நூறாவது ஆண்டில், சுத்தியல் முழுக்க உள்ளே மறைந்த சென்டெனியல் வந்தது. 442, 642 இரண்டும் அதன் வழிவந்தவை. 1965-இல் வந்த மாடல் 60-தான் துருப்பிடிக்காத எஃகில் முறையாக உற்பத்தியான முதல் ரிவால்வர். வேர்வை படும் இடத்தில் வைத்திருக்கும் கருவிக்கு அந்த எஃகு எவ்வளவு பெரிய வரம் என்பது பழைய நீலப்பூச்சு ரிவால்வரைக் கோடைக்காலத்தில் இடுப்பில் சுமந்தவர்களுக்குத் தெரியும்.

ஆர்வலர்களை இழுப்பது வரலாறு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் வேலைப்பாடு. ஒன்றை மட்டும் அருகில் பார்ப்போம். உருளையின் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் முன் உடம்பின் அடியிலிருந்து ஒரு சிறு பல் எழும்பி அந்தப் பள்ளத்தில் விழுந்து உருளையைப் பூட்டும். ஆறு அறை உருளையில் மேலே ஓர் அறை குழலோடு நேராக நின்றால் கீழேயும் ஓர் அறை நேராக நிற்கும். அதனால் பள்ளம் அறையின் மெல்லிய சுவர்மேல் வந்து விழுகிறது. ஐந்து அறையில் அப்படியில்லை. மேலே ஓர் அறை நின்றால் அடியில் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள கெட்டி இரும்பு வரும். பள்ளம் அங்கே விழுவதால் அறைச்சுவர் முழுத் தடிமனோடு இருக்கிறது. ஒற்றைப்படை எண்ணிக்கை சின்ன உருளைக்குக் கொடுத்த பலம் அது. இதைப் புரிந்துகொண்ட பிறகு "ஐந்துதானா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் வேறு தொனியில் கேட்பார்கள்.

ஆனால் ஐந்துதானா என்ற கேள்வி நியாயமானதுதான். 2018-இல் வந்த சிக் பி365 பிஸ்டல் ஏறக்குறைய இதே அளவு. 10 தோட்டா பிடிக்கும், விசை மென்மை, தடிமன் இன்னும் குறைவு. எண்ணிக்கையில் ரிவால்வர் தோற்றுவிட்டது, அதில் வாதாட ஒன்றுமில்லை. இதற்கு இன்னும் இடம் இருப்பது வேறு காரணங்களால். பிஸ்டலில் இருப்பதுபோல மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு ரிவால்வரில் இல்லை; ஆகவே எதன்மீதாவது அழுந்தினாலும் பின்னால் தள்ளப்பட்டுச் செயலிழக்காது. பிடி தளர்ந்தாலும் அடுத்த தோட்டா வரும், ஏனென்றால் உருளையைச் சுற்றுவது உங்கள் விரல், வெடியின் உதை அல்ல. கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் மேகசின் இல்லாததால் கைக்கேற்ற எந்தப் பிடியையும் மாட்டிக்கொள்ளலாம். பாக்கெட்டிலிருந்து உருவும்போது வளைந்த பின்புறம் எதிலும் சிக்காது. குளிர்காலக் கோட்டின் பாக்கெட்டுக்குள் கையைப் பிடிமேல் வைத்தபடியே நிற்க முடிகிற கைத்துப்பாக்கி இது. தட்டையான பிஸ்டலோடு அப்படி நிற்பது சிரமம்.

விசைக்கு வருவோம். 442-ஐ அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள தூரம் அத்தனையும் அதில்தான் இருக்கிறது. வெளியே சுத்தியல் இல்லை, எனவே முன்கூட்டி இழுத்து வைத்துக்கொண்டு மென்மையாகச் சுடும் வழி கிடையாது. ஒவ்வொரு முறையும் நீண்ட, கனமான ஒரே இழுப்பு. புதிய துப்பாக்கியில் அது 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோவை ஒட்டி இருக்கும். துப்பாக்கியே 410 கிராம் என்பதை மறக்காதீர்கள். துப்பாக்கியின் எடையைப்போலப் பதின்மூன்று மடங்கு அழுத்தத்தை விரல் கொடுக்கும்போது மற்ற விரல்களும் கூடவே இறுகும். குழல்முனை கீழேயும் ஒரு பக்கமாகவும் சாயும். "குறி தவறுகிறது" என்று பலரும் குறைப்படுவது இதைத்தான்.

பழகும் முறை எளிது, ஆனால் அலுப்பானது. முதலில் தோட்டாக்கள் எல்லாவற்றையும் அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள். உருளையைத் திறந்து ஐந்து அறையையும் கண்ணால் பாருங்கள், விரலால் தடவுங்கள். பயிற்சிக்கான போலித் தோட்டா ஐந்தைப் போட்டு, பின்னால் உறுதியான சுவர் இருக்கும் திசையில் குறிவையுங்கள். விரலின் நுனியால் இழுக்காமல் முதல் கணுவுக்குப் பக்கத்துச் சதையால் இழுங்கள். நுனிக்கு இவ்வளவு வலு கிடையாது. பாதி வழியில் நிறுத்தித் தயங்காமல் ஒரே சீராக, இடையில் வேகம் மாறாமல் இழுக்க வேண்டும். முன்குறியின் மேல் ஒரு சிறு நாணயத்தை வைத்து, சுத்தியல் விழுந்த பிறகும் அது விழாமல் இருக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. தினம் இருபது முப்பது இழுப்பு, ஒரு மாதம். வித்தியாசத்தைக் குறிப்பலகை காட்டிவிடும். இன்னொன்று: சுட்ட பிறகு விரலை முழுதாக முன்னால் விட வேண்டும். பிஸ்டலில் பழகியவர்கள் பாதி விட்டதுமே மறுபடி இழுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் விசை பிடிக்காமல் நிற்கும், அல்லது உருளை ஓர் அறையைத் தாண்டிப் போய்விடும். இது துப்பாக்கியின் கோளாறல்ல.

கை பிடிக்கும் விதத்தில் ஓர் எச்சரிக்கை. பிஸ்டலில் இடது கைக் கட்டைவிரலை முன்னால் நீட்டி வைப்பார்கள். ரிவால்வரில் அந்த விரல் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்த இடுக்கில் சூடான வாயுவும் ஈயத்துகளும் கத்திபோலப் பக்கவாட்டில் பீறிடும். இரண்டு கட்டைவிரலையும் மடக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னால் வையுங்கள்.

குறிபார்க்கும் அமைப்பு இந்தத் துப்பாக்கியின் பலவீனம். பின்குறி என்று தனியாக ஒன்றுமில்லை, மேல்சட்டத்தில் வெட்டிய ஒரு பள்ளம்தான். முன்குறி குழலோடு சேர்ந்து வந்த ஒரு சரிவு. 642-இல் அதுவும் வெள்ளி நிறம் என்பதால் வெயிலில் கரைந்து போகும். முன்குறிக்கும் பள்ளத்தின் பின்முனைக்கும் இடையே சுமார் 9 செ.மீ. இதில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 7 கெஜத்தில், அதாவது 6.4 மீட்டரில், குண்டு 7 செ.மீ. விலகி விழும். ஆகவே முதல் செலவு ஐந்து டாலர் நகப்பூச்சு: முன்குறியைச் சாராயம் தொட்ட துணியால் துடைத்து, கீழே ஒரு கோட் வெள்ளை, அது காய்ந்ததும் மேலே இரண்டு கோட் ஒளிரும் ஆரஞ்சு. உரிந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். பயிற்சியை 3 கெஜத்தில் தொடங்குங்கள். ஐந்தும் ஒரு சீட்டுக்கட்டு அட்டைக்குள் விழுந்த பிறகே 7 கெஜத்துக்குப் போங்கள். அங்கே ஐந்தும் உள்ளங்கை அளவில் விழுந்தால் நீங்கள் நன்றாகச் சுடுகிறீர்கள் என்று அர்த்தம்.

தோட்டா தேர்வில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலானோர் இதில்தான் ஏமாறுகிறார்கள். .38 ஸ்பெஷல் நாலு அங்குல, ஆறு அங்குலக் குழலுக்கென்று வந்தது. இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த குழலில் வெடிமருந்து முழுதும் எரிந்து வேகம் கொடுப்பதற்குள் குண்டு வெளியேறிவிடும். மிச்சம் குழல்முனையில் நெருப்பாகவும் சத்தமாகவும் போகிறது. தோட்டாவைப் பொறுத்து குண்டின் வேகம் விநாடிக்கு 200-லிருந்து 270 மீட்டருக்குள் நிற்கும். விரிவதற்கென்று முனையில் குழி வைத்த குண்டு விரிய வேகம் வேண்டும். இங்கே அது எல்லைக்கோட்டில் இருப்பதால், தடித்த துணியின் இழை குழியில் அடைத்துக்கொண்டால் விரியாமலே போய்விடும். எனவே பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண்களை நம்பாதீர்கள், அவை நீளக் குழலில் அளந்தவையாக இருக்கலாம். குட்டைக் குழலுக்கென்றே வடிவமைத்த ஸ்பியர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் பிளஸ் பி நல்ல தேர்வு (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு). உதை தாங்காதவர்களுக்கு 148 கிரெய்ன் வாட்கட்டர். முனை தட்டையான ஈய உருளை அது, கூட்டின் வாயோடு சமமாக அமர்ந்திருக்கும். காகிதத்தில் ஓட்டைக் குத்தும் கருவி போட்டதுபோல வட்டமாகத் துளைக்கும். குறிப்பலகைக்கென்று வந்தது என்றாலும், இந்தச் சிறிய துப்பாக்கியில் அதைவிடக் கட்டுப்பாடாகச் சுடக்கூடியது எதுவுமில்லை. அதன் ஒரே தொல்லை, தட்டை முனை அறையின் விளிம்பில் இடித்து நின்றுவிடும். அவசரத்தில் நிரப்ப முடியாது. உருளைக்குள் வாட்கட்டர், கூடுதலாக எடுத்துச் செல்லும் ஐந்தும் கூம்பு முனைத் தோட்டா என்று வைத்துக்கொள்வது அனுபவஸ்தர்கள் வழக்கம், நல்ல வழக்கம்.

குண்டின் எடை மாறினால் விழும் இடமும் மாறும். இதன் நிலைக்குறி ஏறக்குறைய 158 கிரெய்ன் குண்டுக்கு ஒத்துவரும். 110 கிரெய்ன் போட்டால் கீழே விழும். இலகு குண்டு சீக்கிரம் வெளியேறுகிறது, அதற்குள் உதையில் குழல் கொஞ்சம்தான் மேலேறியிருக்கும் என்பதே காரணம். குறி மாறுகிறதே என்று துப்பாக்கியைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போவதற்கு முன் தோட்டாவை மாற்றிப் பாருங்கள்.

"ரிவால்வர் சிக்காது" என்ற பேச்சை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். அரிதாகச் சிக்கும், சிக்கினால் பிஸ்டல்போல ஸ்லைடை ஒரு இழு இழுத்துச் சரிசெய்துவிட முடியாது. அடிக்கடி வருவது நட்சத்திரத்தின் அடியில் மாட்டும் வெற்றுக்கூடு. உருளையின் நடுவே கூடுகளின் விளிம்பைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தகடு இருக்கிறது. .38 ஸ்பெஷல் கூட்டின் நீளம் 29 மி.மீ.; ஆனால் அந்தத் தகட்டைத் தள்ளும் கம்பி குட்டைக் குழலுக்கு அடியில் அடங்க வேண்டியிருப்பதால் அந்த அளவு ஓடாது. கூடுகள் பாதி வெளியே வந்து தொங்கும். துப்பாக்கியைக் கிடையாகப் பிடித்துக் கம்பியை மெதுவாகத் தள்ளினால் ஒரு கூடு நட்சத்திரத்தைத் தாண்டி அடியில் நழுவி மறுபடி அறைக்குள் போய்விடும். இப்போது நட்சத்திரமும் கீழே இறங்காது, உருளையும் மூடாது. கம்பியை முழுக்கத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நகத்தாலோ சிறு குச்சியாலோ அந்தக் கூட்டை நெம்பி எடுக்க வேண்டும். வராமல் தடுக்க ஒரே வழி: குழல்முனை நேராக வானத்தைப் பார்க்க, உள்ளங்கையால் கம்பியை ஒரே அடி, பலமாக. மெதுவாக இரண்டு முறை தள்ளுவதைவிட வேகமாக ஒரு முறை அடிப்பதே சரி.

அதே நட்சத்திரத்தின் அடியில் எரியாத மருந்துத் துகள் நாலைந்து விழுந்தாலும் போதும், தகடு முடியளவு உயர்ந்து நிற்கும், உருளை பின்சட்டத்தில் உரசும், விசை திடீரென்று கல்லாக மாறும். நூறு தோட்டா சுட்டு முடிந்ததும் குழல்முனை மேலே பார்க்கக் கம்பியை அழுத்திப் பிடித்து, நட்சத்திரத்தின் அடியையும் அது உட்காரும் இடத்தையும் உலர்ந்த பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், எண்ணெய் துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கம்பியின் திருகு தளர்வது இன்னொன்று. கம்பி திருகில் கழன்று முன்னால் நீண்டால் உருளை திறக்கவே திறக்காது. இப்போதைய ஸ்மித் அண்ட் வெஸனில் அது இடதுபுறத் திருகு. வழக்கமான பக்கம் முறுக்கினால் இன்னும் தளரும். பல பேர் இறுக்குவதாக நினைத்துக் கழற்றியிருக்கிறார்கள்.

எடை மிகக் குறைந்த துப்பாக்கியில் மட்டும் வரும் கோளாறும் ஒன்று உண்டு. சுடும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது; அறைக்குள் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் கூடும் கூடவே பின்னால் இழுபடுகிறது; கனமான குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் வாய் இறுக்கம் போதவில்லை என்றால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவி, உருளையின் முகத்தைத் தாண்டி நீட்டி, சுழற்சியையே நிறுத்திவிடும். 442-இல் இது அபூர்வம். 350 கிராமுக்குக் கீழே இருக்கும், ஸ்கேண்டியம் கலந்த அலுமினிய உடம்பு கொண்ட இதே நிறுவனத்தின் 340பிடி-இல் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடுபவர்களுக்கு உண்மையான தலைவலி. சோதிக்க வழி: நாலு தோட்டாவைச் சுட்டுவிட்டு ஐந்தாவதை வெளியே எடுத்து, சுடாத புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் கூடியிருந்தால் அந்த வகை உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. 340பிடி துப்பாக்கியையே நான் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சி செய்ய முடியாத அளவுக்கு வலிக்கும் கருவியை வாங்குவதில் பயன் இல்லை.

விசை கனமாக இருக்கிறதே என்று முதல் வாரமே ஸ்பிரிங் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். சுத்தியலை இயக்கும் முதன்மை ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். அதைத் தளர்த்தினால் அடி பலமிழக்கும். பிரைமர், அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, கெட்டியாக இருக்கும் தோட்டா சில சமயம் வெடிக்காமல் போகும். விசையைத் திருப்பும் ஸ்பிரிங்கை மாற்றினால் கொஞ்சம் மென்மை கிடைக்கும், ஆனால் விசை மந்தமாகத் திரும்பும். ஆயிரம் முறை தோட்டா இல்லாமல் இழுத்தாலே உரசும் பரப்புகள் மெருகேறி இழுப்பு இளகிவிடும், செலவும் இல்லை. பக்கத் தகட்டைத் திறக்க நேர்ந்தால் திருகுக்குப் பொருந்தும் துப்பாக்கித் திருப்புளியை மட்டும் பயன்படுத்துங்கள். தகட்டை நெம்பவே கூடாது. பிடியைக் கழற்றிவிட்டு மரக் கைப்பிடியால் சட்டத்தைத் தட்டினால் தானாக மேலெழும்பும்.

இனி நிறம். 642-இன் அலுமினிய உடம்புக்கு வெள்ளிப் பூச்சின்மேல் ஒளி ஊடுருவும் ஒரு காப்புப் பூச்சு இருக்கிறது. வேர்வையிலும், அம்மோனியா கலந்த சுத்தப்படுத்தும் திரவத்திலும் அது குமிழிட்டு உரியும். துப்பாக்கி வேலைசெய்வதில் குறையில்லை, ஆனால் பார்க்கச் சொறிபிடித்ததுபோல் ஆகிவிடும். உடம்போடு ஒட்டிச் சுமப்பவர்கள் 442-ஐ வாங்குங்கள். வாங்கும்போது உருளை திறக்கும் பொத்தானுக்கு மேலே சாவித்துளை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். சாவிப்பூட்டு இல்லாமலும் இந்த இரண்டு மாடல்களும் விற்பனைக்கு வருகின்றன. பாகம் குறைந்தால் கவலையும் குறைவு.

போட்டியாளர்களில் முக்கியமாகப் பேச வேண்டியது ரூகர் எல்.சி.ஆர். 2009-இல் வந்தது, 383 கிராம், விசைப் பகுதி முழுக்க பாலிமர் கூடு. உரசலைக் குறைக்கும் உள்ளமைப்பால் விசை இழுப்பு 442-ஐவிடத் தெளிவாக மென்மை, முன்குறியையும் கழற்றி மாற்றலாம். அழகில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் முதன்முதலாகக் குட்டை ரிவால்வர் வாங்குபவருக்கு அதையே சொல்வேன். .22 தோட்டாவில் எட்டு பிடிக்கும் வடிவமும் இருக்கிறது; .38-க்கு ஜோடியாக வைத்துக்கொண்டால் கை வலிக்காமல் மலிவாகப் பயிற்சி செய்யலாம். கோல்ட் கோப்ரா, கிம்பர் கே6எஸ் இரண்டும் எஃகு உடம்பில் ஆறு தோட்டா, சுடுவதற்குச் சுகம். ஆனால் 650 கிராமைத் தாண்டிய பிறகு அது பாக்கெட் துப்பாக்கி அல்ல, இடுப்புத் துப்பாக்கி.

இந்தக் குடும்பத்தில் உண்மையாகவே மகிழ்ச்சி தந்த மாற்றம் 2024-இல் வந்த அல்டிமேட் கேரி வரிசை. ஒளிரும் பெரிய முன்குறி, அகலமான பின்குறி, உயரமாகப் பிடிக்கத் தோதான கைப்பிடி என்று, இத்தனை வருடம் ஆர்வலர்கள் தனித்தனியாகக் காசு கொடுத்து மாற்றிக்கொண்டவற்றை ஆலையிலேயே செய்து கொடுத்தார்கள். அதில் 432 யூசி என்ற வடிவம் .32 எச் அண்ட் ஆர் மேக்னம் ஆறு பிடிக்கும். உதை கணிசமாகக் குறைவு, தோட்டா ஒன்று கூடுதல். அதே அறையில் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவையும் போடலாம். இந்தியாவில் உரிமம் வைத்திருப்பவர்கள் "32 போர்" என்று சொல்லும் அதே தோட்டாதான். 2014-இல் கான்பூரில் தயாராகி வந்த நிர்பீக் ரிவால்வரும் அதைத்தான் சுடுகிறது. நிர்பீக் அரைக் கிலோ, ஆறு தோட்டா, நடுவில் முறித்துத் திறக்கும் பழைய வெப்லி பாணி. கை வலுக் குறைந்தவர்களுக்கு 442-க்குப் பதில் 432-ஐத் தயங்காமல் சொல்லலாம். .32 தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் கூடுதல் என்பது மட்டுமே குறை.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. கிரீன் கார்டு உள்ளவர்கள் உரிமம் பெற்ற கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனைக்குப் பிறகு வாங்கலாம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குச் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாவிட்டால் துப்பாக்கியை வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும். நண்பர் கூப்பிட்டார் என்று போய்விடாதீர்கள். மாநிலச் சட்டங்கள் இதற்குமேல் தனி.

பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை. விற்பவரின் அனுமதி கேட்டு, தோட்டா இல்லை என்பதை இருவரும் பார்த்த பிறகு உருளையை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். உருளைக்கும் குழலுக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் 0.004-லிருந்து 0.008 அங்குலம் வரை நல்லது, 0.010-ஐத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். உருளையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு ஓடினால் தேய்மானம். பிறகு உருளையின்மேல் விரலை லேசாகத் தடுப்பாக வைத்து விசையை மிக மெதுவாக இழுங்கள். சுத்தியல் விழும் சத்தத்துக்கு முன்பே பூட்டுப் பல் விழும் 'கிளிக்' கேட்க வேண்டும், ஐந்து அறையிலும். கேட்காவிட்டால் குண்டு குழலோடு நேராக நிற்காமல் ஈயத்தைச் சீவிக்கொண்டு போகும். உருளையைத் திறந்து சுழற்றி, கம்பியின் நுனி வட்டமடிக்கிறதா என்று கவனியுங்கள். வளைந்த கம்பி உண்டென்றால் யாரோ படங்களில் வருவதுபோல மணிக்கட்டை உதறி உருளையை அடித்து மூடியிருக்கிறார்கள். அலுமினிய உடம்பில் இன்னும் ஓர் இடம்: குழல் திருகிச் செருகும் வளையத்தின் அடிப்பக்கம். அங்கேதான் சட்டம் மிக மெல்லியது. மயிரிழைபோல விரிசல் இருந்தால் அந்தத் துப்பாக்கியின் கதை முடிந்தது. முன்குறி செங்குத்தாக நிற்கிறதா என்பதைப் புதுத் துப்பாக்கியிலும் பாருங்கள். குழலைக் கொஞ்சம் கூடவோ குறைவாகவோ திருகியிருந்தால் குறி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், நிலைக்குறி என்பதால் நீங்கள் திருத்தவும் முடியாது.

சுமப்பதற்கு விசையை முழுக்க மூடும் பாக்கெட் உறை கட்டாயம், அந்தப் பாக்கெட்டில் சாவியோ சில்லறையோ வேறெதுவுமோ கூடாது. கூடுதல் தோட்டாவுக்கு, ஐந்தையும் ஒரேயடியாகச் செருகும் வட்டமான ஸ்பீட்லோடர் வேகமானது, ஆனால் பாக்கெட்டில் எலுமிச்சம்பழம்போல் துருத்தும். தட்டையான ரப்பர் பட்டையில் வரிசையாகக் குத்திய தோட்டாக்களே பாக்கெட்டுக்குச் சரி. இரண்டு, இரண்டு, ஒன்று என்று செருகலாம். நேரமில்லாமல் இரண்டு மட்டும் போட்டு மூடுகிறீர்கள் என்றால், ஸ்மித் அண்ட் வெஸனும் எல்.சி.ஆரும் பின்னாலிருந்து பார்க்க இடதுபக்கமாகச் சுழல்பவை என்பதை நினைவில் வையுங்கள். மேலே நிற்கும் அறைக்கு வலதுபக்கம் இருக்கும் அறைதான் அடுத்து வரும். கோல்ட் நேரெதிர்.

மாதம் ஒரு முறை தோட்டாவை எடுத்துவிட்டுப் பாக்கெட் பஞ்சைத் தூரிகையால் தட்டுங்கள். குழல்முனை, விசையின் பின்புற இடுக்கு, நட்சத்திரம் மூன்றிலும் அது சேரும். எண்ணெய் மொத்தமே மூன்று சொட்டு: உருளைக் கையின் கீலில் ஒன்று, கம்பியின் நுனியில் ஒன்று, உருளையைத் தள்ளும் நகம் வெளிவரும் துளையில் ஒன்று. அதிகமானால் எண்ணெய் ஊர்ந்துபோய்ப் பிரைமரை நனைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் உருளையிலேயே கிடந்த தோட்டாவைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக ஐந்து போடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சுமக்காத நேரமெல்லாம் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஐந்தரைக் கிலோ விசைதானே, குழந்தையால் இழுக்க முடியாது என்று நினைக்காதீர்கள். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்தால் இழுத்துவிடும்.